மேக்குச் செவுத்து எர்த்து

பாத்து சார், முழங்கைய இடிச்சிராதீங்க. உள்ள கண்ணாடி சாமான். சேலையச் சுத்தி மடியில வச்சிருக்கேன்னு சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. ஆரப்பாளையத்துல பஸ் ஏறும்போதே ஒரு அம்மா, "பச்சப் புள்ளைக்கு மூச்சு முட்டப் போகுது, மொகத்தத் தொறந்து விடுங்கய்யா"ன்னுச்சு.

ரேடியோ சார். வால்வு ரேடியோ. ஜெர்மன் செட்டு. எங்க மாமனாரு வாங்கினது. இந்தக் காலத்து ரேடியோ மாதிரி சுவிட்சப் போட்டதும் லொடலொடன்னு பேசாது. வால்வு சூடேறணும். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் வாயத் தொறக்கும். எங்க வீட்டுல யோசிச்சுப் பேசுற ஒரே ஆளு இதுதான்.

நீங்க எங்க எறங்கணும்? தேனியா? அக்ரி ஆபீசா, நல்லது நல்லது. நான் ஆண்டிபட்டி. எம்பேரு சென்றாயன். கரண்டு ஆபீசுல முப்பத்தோரு வருஷம். கம்பத்துல ஏறுற வேலையில சேந்து, கம்பத்துல ஏறுறவன வையிற வேலையில ரிட்டயர் ஆனேன். கரண்டப் பத்தி எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்க முடியாது. ஆனா இன்னைக்கு எடுத்துட்டான் சார். மதுரையில, டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துக்குள்ள கடை போட்டிருக்கான், பென்னட்டுன்னு பேரு. எம் மக வயசுதான் இருக்கும். அவன் சொல்றான், "அய்யா, செட்டுல ஒண்ணுமே இல்ல. ஒங்க வீட்டுல எர்த்து சரியில்ல. காஞ்சு போயிருக்கும். போயித் தண்ணி ஊத்துங்க."

எனக்குச் சொல்றான் சார். எனக்கு! நான் போயி நின்ன ஊருல எல்லாம், "எர்த்துக் குழியில உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்துங்கடா, இல்லைன்னா செத்துப் போவீங்கடா"ன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துனவன் நான்.

இது மூணாவது தடவை. மூணு மாசமா இதே பொழப்பு. தூக்கிட்டுப் போறேன், அவன் கடையில வச்சு சுவிட்சப் போட்டா கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி கணீர்னு பேசுது. வீட்டுக்குக் கொண்டாந்து வச்சா ஒரே இரைச்சல். கொர்ருங்குது, ஸ்ஸுங்குது, எண்ணெச் சட்டியில அப்பளம் போட்ட மாதிரி. மூஞ்சியில ஒரு பச்சைக் கண்ணு இருக்கு சார் இதுக்கு, நெசமாத்தான், சின்னதா ஒரு வெளக்கு. ஸ்டேஷன் சரியா விழுந்தா அந்தப் பச்சை ரெண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கும். இல்லைன்னா நடுவுல கருப்பா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். மூணு மாசமாப் பொளந்த வாயி மூடல.

நான் சும்மா இருப்பேனா? மொதல்ல தலையில ரெண்டு தட்டு தட்டினேன். அது எங்க டிபார்ட்மெண்டுல மொத வைத்தியம். கேக்கல. மாடிக்குப் போயி ஏரியலப் பாத்தேன். ரெண்டு கம்பு நட்டு நடுவுல செம்புக் கம்பி வலை, அதான் ஏரியல். பாத்தா அதுல ரெங்கம்மா துணி காயப் போட்டிருக்கா. ரெங்கம்மா என் வீட்டுக்காரி. ஈரப் பாவாடை ரெண்டு, என் பனியன் ஒண்ணு. "சிலோன்ல இருந்து வர்ற சத்தம் ஓம் பாவாடையத் தாண்டி எப்படிடி உள்ள வரும்?"னு கேட்டேன். அவ, "இருபது வருஷமா இதுலதான காயப் போடுறேன், அப்ப எப்படித் தாண்டுச்சாம்?"னு கேட்டா. பதிலுக்குப் பதில் பேசுறதுல பட்டம் வாங்குன குடும்பம் சார் அது.

ஏரியல மாத்திக் கட்டினேன். வால்வ மாத்தினேன். எர்த்து வயரக் கழட்டிக் குழாயில கட்டிப் பாத்தேன். அது பிளாஸ்டிக் குழாய். அவசரத்துல கவனிக்கல. அத விடுங்க.

கடைசியாத்தான் புத்தி வந்துச்சு. இது செட்டுல இருக்கற கோளாறு இல்ல, பக்கத்து வீட்டுக் கோளாறு. பக்கத்து வீடுன்னா யாரு தெரியுமா? என் மச்சினன். ஜக்கையன். ரெங்கம்மாவோட தம்பி.

மாமனாரு வீடுதான் சார் ரெண்டும். ஒரே வீடா இருந்துச்சு. அவரு போனதும் நடுவுல செவுரு வச்சோம். கிழக்க அக்காளுக்கு, மேக்க தம்பிக்கு. ரேடியோ எங்க பக்கத்து ரூம்புல இருந்துச்சு. பெரியவங்க உக்காந்து, "ரேடியோ யாருக்கு?"ன்னு கேட்டாங்க. அவன், "அக்கா வீட்டுலயே இருக்கட்டும்"னான். அப்பா சாமான், ஒத்த ஆம்பளப் புள்ள, கேட்டா யாரு மாட்டேங்கப் போறா? கேக்கல. என்னையப் பாத்துப் பயந்துட்டான்னு வச்சுக்கங்களேன்.

பேச்சுவார்த்தை இல்ல சார். ஏழு வருஷமாச்சு. எதுக்குன்னு கேளுங்க. நான் உண்மையப் பேசுனதுக்கு.

எம் மூத்த மக மேனகா கல்யாணம். தாய்மாமன் சீரு கொண்டாந்தான். தட்டு வரிசையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்லக் கூடாது. கூட ஒரு பித்தளை அண்டா. என் கையில மைக்கு இருந்துச்சு. சீர் வாசிக்கிறது நான்தான். அண்டாவத் தூக்கிப் பாத்தேன், அடியில ஈயம் வச்சு ஒட்டுனது. சும்மா ஒரு தமாசுக்கு, "தாய்மாமன் கொண்டாந்த அண்டா ஒண்ணு, யாரும் தண்ணி கிண்ணி ஊத்திராதீங்கப்பா, கீழ ஓட்டை"ன்னேன். மண்டபமே சிரிச்சிருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஐயரே சிரிச்சாரு சார். இவன் மட்டும் சிரிக்கல. மாலைய எடுத்துப் புள்ள கழுத்துல போட்டான், துன்னூறு பூசினான், பந்தியில உக்காராமப் போயிட்டான்.

அப்புறம் ரெங்கம்மா சொல்றா, அது அவங்க அம்மா பொழங்குன அண்டாவாம். அம்மா ஞாபகமா மொதப் பேத்திக்குக் குடுக்கணும்னு கொண்டாந்தானாம். நான் என்ன சோசியமா படிச்சிருக்கேன்? சொல்லிட்டுக் குடுத்திருக்கணும்ல? அம்மா அண்டாவா இருந்தாலும் ஓட்டை ஓட்டைதான? நீங்களே சொல்லுங்க.

நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. பரவாயில்ல. செக்கானூரணி தாண்டுறதுக்குள்ள நீங்களே ஒத்துக்குவீங்க.

அன்னையில இருந்து அவன் செய்யாத வேலையில்ல சார். எல்லாம் வீம்பு. ஒட்டுக் கேக்குறது. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ரேடியோவப் போடுவேன். டாண்ணு ஆறு மணிக்கு அவன் செவுத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலியக் கொண்டாந்து போடுவான். தரையில நாற்காலி இழுபடுற சத்தம் எனக்குக் கேக்கும்ல. ஒன்றரை மணி நேரம் உக்காந்திருப்பான். நானும் ரெங்கம்மாவும் என்ன பேசுறோம்னு தெரியணுமாம். நாங்க என்னத்தப் பேசப் போறோம்? நான் என்ன செய்வேன் தெரியுமா, ஒண்ணும் காதுல விழக் கூடாதுன்னு ரேடியோ சத்தத்தக் கூட்டி வப்பேன். செட்டத் தூக்கி மேக்குச் செவுத்தப் பாக்கத் திருப்பி வச்சிருவேன். நல்லா எரிச்சப்படட்டும்னு. பய நகர மாட்டான் சார். கடைசிச் செய்தி முடியிற வரைக்கும் உக்காந்து எரிச்சப்பட்டுட்டுத்தான் எந்திரிப்பான்.

இன்னொரு கிறுக்குத்தனம் கேளுங்க. தெனம் சாயங்காலம் ரெண்டு வாளித் தண்ணியக் கொண்டாந்து அந்தச் செவுத்தோரம் ஊத்துவான். ஏரியலப் பாக்க மாடிக்குப் போறப்ப நானே பாத்திருக்கேன். தண்ணிக் கஷ்டம் எப்படி எங்க ஊருல? நாலு நாளைக்கு ஒருக்கத்தான் குழாயில வரும். ஊரே கொடத்தத் தூக்கிட்டு அலையுது, இவன் வெறும் மண்ணுக்கு ஊத்திக்கிட்டு இருக்கான். என் செவுத்த அரிக்கணும்னுதான். வேற என்ன? நான் மாடியில இருந்தே, யாருகிட்டயோ பேசுற மாதிரி, "சில பேருக்கு மண்ணுல புள்ள மொளைக்கும் போல"ன்னு சத்தமாச் சொல்லுவேன். அண்ணாந்து பாத்துட்டு வாளிய எடுத்துட்டு உள்ள போயிருவான்.

ஊத்தி ஊத்திச் சேறாச்சு. சேத்துல அவனே வழுக்கி விழுந்தான், இந்தப் பங்குனியில. சிரிக்காம என்ன செய்யச் சொல்றீங்க? தான் வெட்டுன குழியில தானே விழுறதுன்னா இதான். இடுப்பெலும்பு போச்சு. பிளேட்டு வச்சு ஆபரேஷன். இப்பத் தேனியில மக வீட்டுல கெடக்கான். பொண்டாட்டியும் கூடப் போயிருச்சு. வீடு பூட்டிக் கெடக்கு.

அன்னைக்கு நடந்ததக் கேளுங்க. ஆறு மணி, ரேடியோவுல நாடகம். நான் வழக்கம் போலச் சத்தமா வச்சிருக்கேன். "மச்சான், மச்சான்"னு ஒரு கொரலு. நாடகத்துல எவனோ கத்துறான்னு நெனச்சேன். கொரலு நல்லா இருக்கே, நல்லா நடிக்கிறானேன்னு இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சேன். ரெங்கம்மாதான் அடுப்படியில இருந்து ஓடியாந்து, "யோவ், அது என் தம்பிய்யா"ன்னு கத்திக்கிட்டுத் தெருவச் சுத்தி ஓடினா. நான் போகல. நாலு பேரு வந்துட்டாங்க, தூக்கிட்டாங்க. நான் எதுக்கு நடுவுல? வாசல்ல நின்னு பாத்தேன். ஆட்டோவுல ஏத்தும்போது என்னையப் பாத்தான். நான் வானத்தப் பாத்தேன்.

ஆங், எங்க விட்டேன். பக்கத்து வீட்டுக் கோளாறு. வீடு பூட்டிக் கெடக்குன்னாலும் உள்ள இன்வெர்ட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்ல? அதுதான் இரைச்சலுக்குக் காரணம்னு எனக்குப் பட்டுச்சு. போயி அவன் வீட்டுப் பீஸ் கட்டையப் புடுங்கிட்டேன். என்னையக் கேக்க யாரு இருக்கா? ரெண்டு நாள் வச்சிருந்து பாத்தேன். இரைச்சல் அப்படியே இருக்கு. திருப்பிச் சொருகிட்டேன். ரெங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "ஆளு இருந்தப்ப நல்லாத்தானய்யா பாடுச்சு. என் தம்பி போன நாள்ல இருந்துதான் இந்தச் சனியன் இப்படிக் கத்துது"ன்னா. நான் சும்மா விடுவேனா? "ஆமாடி, ரேடியோவுக்கு ஓந்தம்பி மேல பாசம் பொங்குது, பிரிவு தாங்காம அழுகுது"ன்னேன். ரெண்டு நாள் சோறு போட்டா, கொழம்பு ஊத்தல.

உசிலம்பட்டி வந்துருச்சா? வெள்ளரிப் பிஞ்சு வேணுமா சார்? வேண்டாமா. எனக்கும் பல்லு சரியில்ல.

ரெங்கம்மாவுக்குக் கோவம் ரேடியோ மேல இல்ல. இந்தா, இந்த மஞ்சப் பையி. எளையவ சுகன்யாவுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கோம். எங்க பக்கம் மொதப் பத்திரிக்கை தாய்மாமனுக்கு. தட்டுல வெத்தலை பாக்கு, பழம் வச்சு, நேருல போயிக் குடுக்கணும். தகப்பன் கையால குடுக்கணும். அவன் வந்து மாலை எடுத்துப் போட்டுக் கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டியாந்தாத்தான் புள்ள மணவறையில உக்காரும். பத்திரிக்கை வந்து எட்டு நாளாச்சு சார். தாய்மாமனுக்குக் குடுக்காம வேற ஒருத்தருக்கும் குடுக்க விட மாட்டேங்குறா. கட்டுப் பிரிக்காம பீரோ மேல கெடக்கு. நான் சொல்லிட்டேன், அவன் வந்து எங்கிட்டப் பேசட்டும், பெறகு குடுக்கலாம்னு. "அவன் எப்படிய்யா வருவான், தவந்தா வருவான்?"னு அழுகுறா. காலையில நான் கெளம்பும்போது சுகன்யா இந்தப் பையக் கொண்டாந்து கையில குடுத்துட்டு, "மாமா வரலைன்னா நான் மணவறை ஏற மாட்டேன்ப்பா"ன்னு மட்டும் சொல்லுச்சு. உள்ள பாத்தா பத்திரிக்கை, வெத்தலை, பாக்கு, நாலு வாழப்பழம். மதுரைக்குப் போறவன் தேனிக்கு எதுக்குப் போகப் போறேன்? தேனி ஆண்டிபட்டியத் தாண்டியில்ல இருக்கு! பூகோளம் தெரியாத குடும்பம்.

என்ன சார் கேட்டீங்க? பஸ் சத்தத்துல விழல.

அவன் தண்ணி ஊத்துற எடத்துல என்ன செடி இருக்குன்னா? அக்ரி ஆபீசருன்னு நிரூபிச்சுட்டீங்க. செடி ஒண்ணும் இல்ல சார், அதத்தான சொல்றேன். வெறும் மண்ணு. செவுத்துல ஒரு ஓட்டை இருக்கும், மாமனாரு போட்ட ஓட்டை. அதுல இருந்து ஒரு செம்புக் கம்பி கீழ எறங்கும். மண்ணுல ஒரு இரும்புக் கொழாய் அடிச்சு எறக்கியிருக்கும், அதோட தலையில அந்தக் கம்பியச் சுத்தியிருக்கும். அந்தத் தலையிலதான் கொண்டாந்து ஊத்துவான், ரெண்டு வாளி...

இருங்க.

இருங்க சார். ஒரு நிமிஷம்.

மாமனாரு இருக்கும்போது ரேடியோ போடுறதுக்கு முன்னாடி, "டேய் ஜக்கு, எர்த்துக்குத் தண்ணி"ம்பாரு. அவன் ஓடிப் போயி ஊத்திட்டு வந்து செட்டுக்கு முன்னாடி சம்மணம் போட்டு உக்காருவான். கல்யாணமான புதுசுல நானே பாத்திருக்கேன். செவுரு வச்சப்ப கொழாய் அந்தப் பக்கம் போயிருச்சு. ரேடியோ இந்தப் பக்கம் நின்னுருச்சு. நான் வயர இழுத்துப் பாத்தேன், இறுக்கமா இருந்துச்சு, எர்த்து நல்லாருக்குன்னு விட்டுட்டேன். வயரு போயிச் சேருற எடத்த நெனச்சே பாக்கல சார்.

ஏழு வருஷம். தெனம் ரெண்டு வாளி. குடிக்கத் தண்ணியில்லாத ஊருல.

அப்ப அவன் ஒட்டுக் கேக்க உக்காரல.

ஊருக்கெல்லாம் எர்த்துக்குத் தண்ணி ஊத்தச் சொன்ன வாயி சார் இது. கையாலாகாத வாயி. அந்தச் சேத்துல விழுந்துதான இடுப்ப ஒடச்சான்? என் ரேடியோவுக்குத் தண்ணி ஊத்தித்தான விழுந்தான்? ஏழு வருஷம் கழிச்சு வாயத் தொறந்து மச்சான்னு கூப்பிட்டிருக்கான். நான் சத்தத்தக் கூட்டி வச்சிருக்கேன் சார். நல்லா நடிக்கிறான்னு நெனச்சிருக்கேன்.

இல்ல இல்ல, கண்ணுல ஒண்ணுமில்ல. கணவாய்க் காத்து. தூசி. நீங்க அந்த ஜன்னலச் சாத்துங்க.

சாத்தியாச்சா? சரி. ஆமா, தூசிதான்.

ஆனா ஒண்ணு கேக்குறேன் சார், வாயில என்ன வச்சிருந்தான்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மாடியில நின்னு மண்ணுல புள்ள மொளைக்கும்னு பேசுறேன், அப்பவாவது, "யோவ் கரண்டாபீசு, இது ஓன் எர்த்துய்யா"ன்னு ஒரு வார்த்தை? அண்ணாந்து பாத்துட்டுப் போறானாம். திமிரு சார். அந்தக் குடும்பத்துக்கே உள்ள திமிரு. இடுப்பு ஒடஞ்சு ஆட்டோவுல ஏறும்போதாவது, "தண்ணி ஊத்திக்கங்க மச்சான்"னு சொல்லிட்டுப் போனானா? மூணு மாசம் என்னைய மதுரைக்கும் ஆண்டிபட்டிக்கும் அலைய விட்டுட்டான். ஒரு பென்னட்டுப் பய முன்னாடி என்னையத் தலை குனிய வச்சுட்டான்.

என்னது? ஆண்டிபட்டியா? ஆமா கண்டக்டர் தம்பி, விசிலடிச்சது கேட்டுச்சு. நான் எறங்கல. அந்தப் படிக்கிட்ட நிக்கிற அம்மாவ எறங்க விடு. எனக்குத் தேனிக்கு ஒரு டிக்கெட்டு போடு.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? அவனப் பாக்கவெல்லாம் போகல. நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும், அவ்வளவுதான். அல்லிநகரத்துல அவன் மக வீடு, பச்சைக் கேட்டு, ரெங்கம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பா. இந்தச் செட்ட அவன் கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டு போயி வச்சு, "இந்தா ஓங்கப்பன் ரேடியோ, எந்திரிச்சு நடக்குற வரைக்கும் நீயே வச்சுக்கிட்டு அழு"ன்னு சொல்லப் போறேன். எர்த்து? எர்த்து நான் அடிப்பேன் சார். அந்த வீட்டு வாசல்ல ஒரு கொழாயத் தேடி எறக்குறது எனக்கென்ன பெரிய வேலையா? தண்ணி நான் ஊத்துறேன். நடக்க முடியாதவன் எப்படி ஊத்துவான்?

பத்திரிக்கையா? அதுவும் பையில கெடக்கே, கையோட குடுத்துர வேண்டியதுதான். பெறகு இதுக்குன்னு ஒருக்க பஸ் ஏற முடியுமா?

சார், ஒங்க தண்ணி பாட்டிலக் கொஞ்சம் குடுங்க. இல்ல, குடிக்க இல்ல. காலையில வச்ச வெத்தலை சார், வாடிப் போயிக் கெடக்கு. ரெண்டு சொட்டுத் தெளிச்சு வச்சுக்கிறேன். தாய்மாமனுக்குக் குடுக்கறது.